பெருக்காத வீடு

வீட்டைவிட்டு வந்து மூன்று வாரமாகியும் அம்மா ஒரு தடவைகூட "எப்ப வருவே?" என்று கேட்கவில்லை. நளினிக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

திருப்பதி காந்தி ரோட்டில், மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு இறங்கி வரும் குடும்பங்களை நம்பி நடக்கிற பட்டுப்புடவைக் கடை ஒன்றில் அவள் பன்னிரண்டு வருஷமாக மாடிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். பேரம் என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. புடவையைப் பிரித்துப் போட்டு, ஜரிகையை நகத்தால் சுரண்டி, கலர் போகுமா என்று பத்துத் தடவை கேட்டு, கோபித்துக்கொண்டு எழுந்து படி வரைக்கும் போகிறவள் திரும்பி வருவாள், வாங்குவாள். "நல்லாருக்கும்மா, பரவால்லம்மா" என்று சிரித்த முகமாக எழுந்து போகிறவள் திரும்ப மாட்டாள். அவள் வேறு கடையில் ஏற்கெனவே எடுத்தாயிற்று. பை வெளியே ஆட்டோவில் இருக்கிறது.

அம்மா சந்திரம்மா முதல் ரகம். பிச்சாட்டூர் ஏரிக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் வீட்டைவிட்டு மகள் கிளம்பிய அன்று, வாசற்படிக்குக் குறுக்கே படுத்துக்கொண்டவள். "கண்ணாலம் ஆவாத பொண்ணு டவுன்ல ரூம் எடுத்துக்கினு இருந்தா ஊரு இன்னாடி பேசும்?" என்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

"முப்பத்திரண்டு வயசுல வூட்ல இருந்தாலும் பேசுது, போனாலும் பேசுது. ஊருக்கு அதுதான் வேலை. எனக்கு வேற வேலை இருக்குது" என்றாள் நளினி.

அதுவரைக்கும் அவள் தினம் ஊரிலிருந்தேதான் கடைக்குப் போய் வந்தாள்; போக இரண்டு மணி நேரம், வர இரண்டு. ஆனால் ஏழரை பஸ் தவறினால் நைனா, அவள் அப்பா, பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நிற்பார். பெண் பார்க்க வந்த பதினொரு மாப்பிள்ளை வீட்டாரும் பஜ்ஜியைத் தின்றுவிட்டு ஜாதகத்தைப் பற்றித்தான் பேசினார்கள், அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பன்னிரண்டாவது கூட்டம் வருகிறது என்று தெரிந்த அன்றுதான் அவள் பெட்டியை எடுத்தாள். படுத்திருப்பவரைத் தாண்டுவது முறையில்லை என்பதால் பின்பக்கமாக, மாட்டுக் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு வெளியேறினாள். மரியாதை தெரிந்த பெண்.

அப்படிப்பட்ட அம்மா இப்போது போனில் சிரிக்கிறாள்.

"நல்லா இருக்கிறியா? சரி. துன்னியா? சரி. வெச்சிடவா?"

பின்னால் யாரோ இருமினார்கள். இரண்டு சின்ன இருமல், கடைசியில் தொண்டையைச் செருமும் ஒரு இழுப்பு. கடையின் ஏசிக் குளிரில் நளினி எப்போதும் இருமுகிற மாதிரி.

"யாரும்மா அங்க?"

"யாரு இருக்கப் போறாங்க? நாங்கதான். மூணு பேரும் துன்னுக்கினு இருக்கிறோம்."

"மூணு பேரா?"

"வேலை கிடக்குதுடி. வெச்சிடறேன்."

வைத்துவிட்டாள். நளினி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பை எந்த ஆட்டோவில் இருக்கிறது?

அதற்கடுத்த வாரம் கடையின் கைரேகை மெஷின் அவளை ஏற்க மறுத்தது. கட்டைவிரலை வைத்தாள். 'ப்ளீஸ் ட்ரை அகெய்ன்' என்றது உள்ளே இருந்த பெண் குரல். துடைத்துவிட்டு வைத்தாள். ஆட்காட்டி விரலை வைத்தாள். பத்து விரலையும் வைத்துப் பார்த்தாள். "பட்டை தடவித் தடவி ரேகையெல்லாம் கஸ்டமருக்கே குடுத்துட்டீங்க மேடம்" என்று சிரித்தான் கீழ்ப்பிரிவு முனிரத்தினம். அவளும் சிரித்தாள். பிறகு படிக்கட்டு முக்கில் டியூப்லைட்டுக்குக் கீழே கையை விரித்துப் பார்த்தாள். விரல் நுனிகள் வழுவழுவென்று இருந்தன. சோப்பை இரண்டு நாள் தண்ணீரில் போட்டு எடுத்த மாதிரி, ஒரு கோடுகூட இல்லாமல்.

பிறகு சீப்பு. கொர்லகுண்டாவில் அவளும் பிரேமலதாவும் சேர்ந்து எடுத்த அறையில் ஒரே ஒரு சீப்புதான். காளஹஸ்திக்காரி பிரேமலதாவுக்கு முடி கொட்டுவது பெரிய கவலை, தினம் ஒரு உருண்டை எடுத்துச் சுருட்டிப் போடுவாள். நளினி வாரினால் சீப்பு சுத்தமாக வந்தது. ஒரு முடி இல்லை. முதலில் நல்ல எண்ணெய் என்று நினைத்தாள். பிறகு குளித்துவிட்டு வந்தால் சிமெண்ட் தரையில் பிரேமலதாவின் ஈரக் கால்தடம் பளிச்சென்று இருந்தது, தன்னுடையது இல்லை. ஸ்டிக்கர் பொட்டு நெற்றியில் நிற்கவில்லை. தலையணை உறையில் எண்ணெய்க் கறை படியவில்லை. வியர்வை மணம்கூட இல்லாத துணியை எதற்குத் துவைப்பது என்று ஒருநாள் சும்மா மடித்து வைத்தாள்.

"எப்ப வந்தே?" என்று பிரேமலதா திடுக்கிட்டாள். நளினி ஒரு மணி நேரமாக எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "பயமுறுத்தாதே தல்லி, என் தாயே. ஆள் இருக்கிற மாதிரியே தெரியல."

அந்தச் செவ்வாய்க்கிழமை நளினி லீவு போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பினாள். என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் கடையில் இருந்து சரக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் எங்கேயோ இன்னொரு கடை நிறைந்துகொண்டிருக்கிறது என்பது மட்டும் தெரியும். தன்னிடமிருந்து போகிறதெல்லாம் எங்கே போகிறது? இப்படியே போனால் கடைசியில் இங்கே என்ன மிஞ்சும்?

புத்தூரில் பஸ் மாறினாள். கண்டக்டர் முன்சீட்டுக்குக் கொடுத்தான், பின்சீட்டுக்குக் கொடுத்தான், அவளைத் தாண்டிப் போனான். அவன் தோல்பையைப் பிடித்து இழுத்தாள்.

"எனக்கு டிக்கெட் யாரு குடுப்பா? நான் இன்னா உங்க டிப்போ மேனேஜருக்கு மாமியாரா?"

அவன் அவளை உற்றுப் பார்த்தான். கண்ணாடியில் ஒட்டிய அழுக்கைப் பார்ப்பது போல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. பிறகு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, வேகமாக முன்னால் போய் டிரைவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான்.

இறங்கியபோது மணி ஒன்றரை. வெயில் தெருவின் மேல் வெள்ளைத் துணியாக விரிந்திருந்தது. கரண்ட் போய்விட்டிருந்ததால் எந்த வீட்டிலும் மின்விசிறியின் முனகல் இல்லை, டிவியின் அழுகை இல்லை, ஏரிப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம்கூட இல்லை, வேர்க்கடலைக் கொடி காயும் பச்சை வாடை மட்டும் அசையாமல் நின்றது. பதினாறு வீட்டுத் தெரு. பதினாறிலும் பிள்ளைகள் வெளியே போனவர்கள்: குவைத்து, பெங்களூர், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி, ஒரு வீட்டுப் பையன் அமெரிக்கா. வாசலெல்லாம் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. கதவெல்லாம் ஒரு சாண் திறந்திருந்தது.

எதிர்வீட்டு ரத்னம்மா தன் நிலைப்படிக்கு உள்ளே, நிழலில் உட்கார்ந்திருந்தாள்.

"யாரது? செங்கல்ராயன் பொண்ணா? இப்பத்தானே வூட்டுக்குள்ள துணி மடிச்சிக்கினு இருந்தே?"

"நான் இப்பத்தான் பஸ்ஸவுட்டு எறங்குறேன் பெரிம்மா."

"அப்படியா" என்றாள் ரத்னம்மா, ஆச்சரியமே இல்லாமல்.

"கோவர்த்தனன் எப்படி இருக்கான்? குவைத்துல இருந்து போன் பண்றானா?"

"போன் எதுக்கு? வூட்லதானே கீறான். துன்னுட்டுப் படுத்துக்கினு கீறான்."

"எப்ப வந்தான்?"

"எங்க போனான், வர்றதுக்கு?"

அவன் போய்ப் பதினொரு வருஷம். புத்தூர் வரைக்கும் நளினியே ஜீப்பில் போய் வழியனுப்பினாள். முதல் இரண்டு வருஷம் பணம் வந்தது, போன் வந்தது. பிறகு இரண்டும் நின்றது. ரத்னம்மா கவலைப்பட்டு யாரும் பார்த்ததில்லை. மனதைத் தேற்றிக்கொண்டாள் என்று ஊரே பாராட்டியது.

"உங்கம்மாவுக்கும் நான்தான் சொன்னேன்" என்றாள் ரத்னம்மா. "பெருக்காதடி, இருக்கும்னு."

நளினி தன் வீட்டு வாசலில் செருப்பை விட்டாள்.

நைனா முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். அவளை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஒரு விருந்தோம்பல் வந்தது.

"வாங்கம்மா. கரண்டாபீஸா? மீட்டர் உள்ளார இருக்குது. பாத்துக்கோங்க."

வாங்கம்மா. முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் அந்த மனிதரிடம் வாங்காத வார்த்தை இல்லை. கழுதை, சனியனே, மகாராணி, எதிர்த்துப் பேசாதே. ஆனால் 'வாங்க' என்று அவர் சொன்னதில்லை.

"நைனா. நான் நளினி."

அவர் சிரித்தார். "எங்க பொண்ணு பேரும் அதுதாம்மா. உள்ளார இருக்குது பாருங்க."

தரை மெத்தென்றிருந்தது. குனிந்து பார்த்தாள். தூசி. ஜன்னல் வழியாக வந்த செம்மண், உதிர்ந்த சுண்ணாம்பு, கடலைத் தோல், நூல் பிசிறு, நகம், முடி. நாற்பது நாள் யாரும் கை வைக்காத தூசி மெல்லிய கம்பளம் போல அறை முழுக்கப் படர்ந்திருந்தது. அதன்மேல் கால்தடங்கள். ஒரே அளவு, இடதுகால் கொஞ்சம் உட்புறம் திரும்பியது. அவள் தன் காலைத் தூக்கி ஒரு தடத்தின் மேல் வைத்தாள். அச்சில் வார்த்த மாதிரி பொருந்தியது. எடுத்து, பக்கத்தில் வெறும் தூசியில் ஊன்றினாள். எடுத்தாள்.

தடம் விழவில்லை.

வீட்டில் ஒரு வாடை இருந்தது. தேங்காயெண்ணெய், பவுடர், மஞ்சள் நைட்டியின் அக்குளில் ஊறிய வியர்வை, காய்ச்சலில் படுத்து எழுந்தால் போர்வையில் இருக்கும் புளிப்பு. யாருடைய வாடை என்று அவளுக்குத் தெரிவதற்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. தன்னுடையதைத் தானே முகர்ந்து யாருக்குப் பழக்கம்? இவ்வளவு கெட்டியாக அது அவள் உடம்பில்கூட இருந்ததில்லை. சுவர்க் கண்ணாடியைப் பார்த்தாள். இருபது வருஷமாகக் குளிக்கப் போகுமுன் பொட்டை எடுத்து அதன் ஓரத்தில் ஒட்டி ஒட்டி, சட்டமே தெரியாமல் பொட்டு மண்டிக் கிடக்கும். இப்போது சட்டம் காலியாக இருந்தது.

சமையலறையில் கடலை உடைக்கும் சத்தம். டக். இடைவெளி. டக். இடைவெளி. ஒரே அளவு இடைவெளி.

"நளினி, அந்த முறத்த இப்படித் தள்ளு." அம்மாவின் குரல்.

"சரிம்மா."

"ஞாயித்துக்கெழமை பொண்ணு பாக்க அந்த நகரிக்காரங்க வராங்க. புடவ கட்டிக்கோ."

"சரிம்மா."

நளினி சமையலறை நிலையில் நின்றாள்.

அம்மா சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அவளுக்கு எதிரே, வாசலுக்கு முதுகு காட்டி, நளினி விட்டுப்போன மஞ்சள் நைட்டி. பின்னல் இடுப்பு வரைக்கும். பின்னலில் ஒரே நீள முடி இல்லை. சாண் சாணாக, விரல் நீளமாக, சீப்பில் சிக்கியது, சோப்பில் ஒட்டியது, தலையணையில் உதிர்ந்தது, எல்லாம் சேர்ந்து முறுக்கிய பின்னல். தோள்பட்டையின் நிறம் தரையின் நிறம். கை அசையும்போது முழங்கையிலிருந்து பொடி உதிர்ந்தது. உதிர்ந்த பொடி தரையில் நகர்ந்து, திரும்ப நைட்டிக்கு அடியில் போனது.

"அம்மா" என்றாள் நளினி.

முதுகு நிமிர்ந்தது. தலை திரும்பியது.

மெதுவாக. கழுத்து திரும்பாமல் தலை மட்டும்.

நெற்றி முழுக்கப் பொட்டு. கன்னத்தில் பொட்டு. மூக்கில், இமையில், மோவாயில். இருபது வருஷத்துப் பொட்டு. சிவப்பு, மெரூன், கல் வைத்தது, பாம்பு மாதிரி நெளிந்தது. இரண்டு கறுப்புப் பொட்டு கண் இருக்க வேண்டிய இடத்தில். அவள் முகம்தான். அவளைத் தெரியாத ஒருவர், அவள் இல்லாத நேரத்தில், நினைவிலிருந்து பிடித்து வைத்த முகம்.

அது அவளைப் பார்த்துச் சிரித்தது. வாய்க்குள் பற்கள் சின்னச் சின்னதாக இருந்தன.

நகங்கள்.

நளினியின் கால் பின்னுக்குப் போகப் பார்த்தது. போ என்றது உடம்பு. பஸ் மூன்றரைக்கு. போ. அவள் நிலையைப் பிடித்துக்கொண்டாள். பதினொரு மாப்பிள்ளை வீட்டார் முன்னால் தலை குனியாமல் உட்கார்ந்தவள் அவள். பட்டுப்புடவையைக் கட்டிக் கிழித்துவிட்டு மாற்றிக் கொடு என்று பத்துப் பேரோடு வந்தவர்களைத் தனியாக நின்று திருப்பி அனுப்பியவள். பயம் இல்லாமல் இல்லை. பயத்தைக் காட்டினால் எதிராளி ஏற்றிக் கேட்பான், அவ்வளவுதான்.

"இன்னாம்மா இது?"

சந்திரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். நைனாவுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்தது.

"நீதான்" என்றாள்.

"நான் இங்க நிக்கிறேன்."

"நீ போனியேடி." அம்மாவின் குரலில் கோபம் இல்லை. "ஊருக்குப் போனவங்க போய்ச் சேந்தேன்னு சேதி சொல்ற வரைக்கும் வூட்டப் பெருக்கக் கூடாது. உனக்குத் தெரியாதா? நானும் தொடப்பத்தத் தொடாம காத்துக்கினு இருந்தேன். அன்னிக்கு நீ போன் பண்ணல. அடுத்த நாளும் பண்ணல."

நளினி வேண்டுமென்றேதான் பண்ணவில்லை. தவிக்கட்டும் என்று. ஐந்து நாள் கழித்துப் பண்ணியபோது சண்டை பிடிப்பதற்காகப் பண்ணினாள். சேர்ந்துவிட்டேன் என்று அவள் சொல்லவே இல்லை.

"ஏழாம் நாள் உன் ரூம்ல யாரோ பொரண்டு படுக்கிற சத்தம் கேட்டுது" என்றாள் அம்மா. "நான் ரத்னம்மாகிட்ட ஓடினேன். பயப்படாத, பெருக்காத, அவ்வளவுதான்னு சொன்னா. அதுக்கப்புறம் எனக்கு ஒரு கொறையும் இல்லடி. சொன்னா கேக்குது. துன்னுன்னா துன்னுது. ஏழு மணிக்கு எங்கன்னு தேட வேணாம். எதுத்து ஒரு வார்த்த இல்ல."

"சரிம்மா" என்றது அது.

"நீ போடி. நான் தடுக்கல. ரூம் எடுத்துக்கோ, எப்ப வேணா வா, எப்ப வேணா போ. நீ கேட்டதுதானே?"

கேட்டதுதான். பன்னிரண்டு வருஷமாகக் கேட்டது. அம்மா பேரமே பேசாமல் கொடுத்துவிட்டாள். நளினி தன் விரல்களைப் பார்த்தாள். நுனியைத் தாண்டி, முதல் கணு வரைக்கும் ரேகை அழிந்து போயிருந்தது. நகங்களின் ஓரம் மங்கலாக இருந்தது. அதன் வழியாகத் தரை தெரிந்தது.

"தொடப்பம் எங்க?"

அம்மாவின் முகம் மாறியது. "எரிச்சிட்டேன்."

வீட்டுக்குள் பெருக்குகிற தொடப்பத்தை எரித்திருப்பாள். ஆனால் சாணி தள்ளுகிற தென்னந் தொடப்பம் ஒன்று மாட்டுக் கொட்டகையில் உண்டு. அதை வீட்டுக்குள் கொண்டுவருவதை நினைத்துக்கூடப் பார்க்காத குடும்பம் இது. நளினி பின்கதவைத் திறந்துகொண்டு போனாள். சாணி காய்ந்து விறைத்திருந்த அந்தக் கட்டையைச் சொருகிய இடத்திலிருந்து உருவினாள். துப்பட்டாவை இடுப்பில் இழுத்துச் செருகினாள். உள்ளே வந்தாள்.

"அடியே, அத்தப் போயி வூட்டுக்குள்ள!" என்று அலறினாள் சந்திரம்மா. அந்த நேரத்திலும்.

முதல் இழுப்பு அவளுடைய பழைய அறையில். கட்டிலுக்கு அடியிலிருந்து. ஈர்க்குச்சிகள் தரையைக் கீறின. தூசி பஞ்சு மாதிரி பறக்கவில்லை, கனத்துப் புரண்டது, ஈர மாவு போல. சமையலறையில் கடலை உடைக்கிற சத்தம் நின்றது.

இரண்டாவது. மூன்றாவது. நெற்றியில் வியர்த்தது. நாற்பது நாளில் முதல் வியர்வை. அதன் உப்பு கண்ணில் இறங்கி எரிந்தது. எரியட்டும்.

"சரிம்மா" என்றது சமையலறை.

முன்னறை. நாற்காலிக்கு அடியில் தொடப்பத்தை விட்டாள். நைனா காலைத் தூக்கிக்கொண்டார். "மீட்டருக்கு எதுக்கும்மா பெருக்குறது?" என்றார். கண்ணாடிக்குக் கீழே. அலமாரிக்குப் பின்னால். ஒவ்வொரு இழுப்புக்கும் சமையலறையில் ஏதோ பொலபொலவென்று கொட்டியது.

"சரி நைனா. சரிம்மா. சரி. சரி."

சமையலறை நிலை.

அது எழுந்து நின்றிருந்தது. ஒரு கால் இல்லை. மற்றக் கால் முழங்கால் வரை. அம்மா அதை இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் புடவை, முகம், வாய் எல்லாம் பொடி.

"அம்மா, வுடு."

"மாட்டேன்."

"ரெண்டுல ஒண்ணுதான் இருக்கும். நல்லாப் பாத்துச் சொல்லு. எது வேணும்?"

சந்திரம்மா இரண்டையும் பார்த்தாள். புடவைக் கடையில் இரண்டு முந்தானையை இரண்டு கையில் பிடித்துப் பார்ப்பதுபோல, அவசரமில்லாமல், இப்படியும் அப்படியும்.

"இது இருக்கட்டும்டி" என்றாள்.

நளினி தொடப்பத்தைக் கை மாற்றிப் பிடித்தாள்.

"உன் இஷ்டம்" என்றாள் நளினி. "ஆனா சரக்கு என்னுது."

பெருக்கினாள்.

அது சண்டை போடவில்லை. அதுதான் பயங்கரம். கை நீட்டவில்லை, கத்தவில்லை. அடிவயிற்றில் தொடப்பம் படும்போது சரி என்றது. மார்பில் படும்போது சரி என்றது. சிரித்துக்கொண்டே. பொட்டுகள் ஒவ்வொன்றாக உரிந்து சுழன்றன. ஒவ்வொன்றும் அவள் வாயை மூடிக்கொண்டு இருந்த ஒரு நாள். ஒவ்வொன்றும் ஒரு சரி. பத்தாம் வகுப்போடு நிறுத்திக்கோ. சரி. தலையைக் குனிஞ்சுக்கோ. சரி. அவள் வாய்க்குள் மண் ருசித்தது. கை வலித்தது. உள்ளங்கையில் ஈர்க்குக் குத்தி ரத்தம் வந்தது, சிவப்பாக, சூடாக, தன்னுடையதாக. அம்மாவின் கைகள் நடுவில் மஞ்சள் நைட்டி மட்டும் தொங்கியது. பின்னல் கீழே விழுந்து, ஒருமுறை நெளிந்து, அவிழ்ந்தது.

கடைசிக் குவியலைப் படி தாண்டித் தெருவில் தள்ளினாள்.

உள்ளே நைனா நாற்காலியிலிருந்து எழுந்த சத்தம்.

"ஏய் நளினி! எப்பம்மே வந்தே? அது இன்னா, கொட்டாயித் தொடப்பத்த நடுவூட்ல வெச்சிக்கினு? புத்தி இருக்குதா உனக்கு?"

அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. இவ்வளவு நல்ல திட்டு அவள் கேட்டு நாளாயிற்று.

"மூன்றரை பஸ்ஸுக்குக் கிளம்புறேன் நைனா" என்றாள். "ரூமுக்குப் போய்ச் சேந்ததும் போன் பண்றேன். எடுத்துத் திட்டுங்க."

சமையலறையில் சந்திரம்மா வெறும் நைட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மெதுவாக இல்லை, பழைய அம்மாவாக, தெரு கேட்க.

தெரு கேட்டது.

நளினி திரும்பினாள். ஒரு சாண் திறந்திருந்த மற்றப் பதினைந்து கதவுகளும் இப்போது அகலமாகத் திறந்திருந்தன. ஒவ்வொரு நிலைப்படியிலும் ஆள். பெங்களூர் போன தட்டார் வீட்டு அக்கா தங்கை இருவரும். ஸ்ரீபெரும்புதூர் போன பையன், போன அன்று போட்டிருந்த சட்டையோடு. அமெரிக்காக்காரன். யாரும் படியைத் தாண்டவில்லை. யாருக்கும் வயது ஏறவில்லை. பழுப்பு முகங்கள், வெயிலில் கண் கூசாத முகங்கள், எல்லாம் அவள் காலடியில் கிடந்த குவியலைப் பார்த்தன. பிறகு அவள் கையில் இருந்த தொடப்பத்தை.

அவர்களுக்குப் பின்னால் இருட்டிலிருந்து வயதான கைகள் நீண்டு வந்தன. பிள்ளைகளைத் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தன. ஒரு கதவு சாத்தியது. அடுத்தது. அடுத்தது. தாழ்ப்பாள் விழும் சத்தம் தெருக்கோடி வரைக்கும் போய் அடங்கியது.

எதிர்வீட்டுக் கதவு மட்டும் சாத்தவில்லை.

ரத்னம்மா அதே இடத்தில், நிலைப்படிக்கு உள்ளே உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் அறை ஜன்னல் மட்டம் வரைக்கும் தூசியால் நிரம்பியிருந்தது. கட்டிலின் தலைப்பக்கம் மட்டும் மேலே தெரிந்தது. கோவர்த்தனன் அவள் பக்கத்தில் மண்டியிட்டுக் கிண்ணத்தில் எதையோ பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தான். அவள் வாயைத் திறந்தாள். அவன் ஊட்டினான். ஊட்டியது மார்பு வழியாகக் கீழே உதிர்ந்தது. அவன் திரும்ப அள்ளிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டான்.

நளினி தொடப்பத்தைக் கீழே போடவில்லை. நடுத்தெரு வரைக்கும் போனாள்.

"பெரிம்மா" என்று கூப்பிட்டாள்.

ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. அன்றைய முதல் காற்று. ரத்னம்மா தலையைத் திருப்பினாள், பேச வாயெடுத்தாள், அவளுடைய இடது கன்னம் காற்றோடு போயிற்று. கீழே எலும்பு இல்லை. ஒன்றும் இல்லை. அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். கோவர்த்தனன் கிண்ணத்தை வைத்துவிட்டு, அவசரமில்லாமல், இரண்டு உள்ளங்கையாலும் தரையிலிருந்து தூசியை அள்ளி, எச்சில் தொட்டு, அம்மாவின் முகத்தில் அந்தப் பள்ளத்தில் வைத்து, குழந்தைக்குப் பவுடர் போடுகிற மாதிரி மெல்ல மெல்லத் தட்டி, கன்னத்தைத் திரும்பப் பிடித்தான்.